வதிவிடமும் வியாபாரத் தலமும்

இணையம் வந்தபின் வியாபாரத்துக்கு இடமே வேண்டியதில்லை என்று சொல்வோர் இக்காலத்திற் பெருகிவிட்டனர். கடை வாடகை வேண்டாம், முற்பணம் வேண்டாம், பெயர்ப்பலகை வேண்டாம். கையில் ஒரு தொலைபேசியும் உள்ளத்தில் சிறிது துணிவும் இருந்தாற் போதும் என்பது அவர்கள் வாதம். இவ்வாதத்தை மெய்ப்பிக்கப் புறப்பட்டவர்கள் கண்டி நகரத்திலும் அதனைச் சூழ்ந்த ஊர்களிலும் இன்று அநேகர். கட்டுகஸ்தோட்டையில் ஒரு பெண்மணி சேலைக்கேற்ற சட்டை தைத்து நாடெங்கும் அனுப்புகிறார். பேராதனையில் ஓர் இளைஞர் பழைய நூல்களைத் தேடி வாங்கி, படம் பிடித்து முகநூலில் இட்டு விற்கிறார். கம்பளையில் கேக், அக்குறணையில் ஊறுகாய், தென்னக்கும்புறையில் பூச்சாடி. எல்லாம் வீட்டின் உள்ளறையிலேயே நடைபெறுகின்றன. ஆயினும், இவர்களுள் எவரேனும் தம் தொழிலைச் சட்டப்படி பதிவு செய்துகொள்ளப் பிரதேச செயலகத்துப் படியேறினால், அங்கே கேட்கப்படும் முதற் கேள்விகளுள் ஒன்று மிகப் பழையது: “இடம் எங்கே?”

இக்கேள்வியைப் பற்றித்தான் எழுத எண்ணினேன். இஃது ஏதோ வியாபாரிகளின் விஷயம், ஆசிரியர்க்கும் மாணவர்க்கும் இதில் என்ன இருக்கிறது என்று வாசகர் கருதிவிட வேண்டாம். நம் இலக்கியத்தின் ஒரு பெரும் பகுதி வீட்டு முகவரியிலேதான் வியாபாரம் செய்துவந்திருக்கிறது. அதற்குப் பின்னர் வருகிறேன்.

கண்டியின் முகவரிகள் தம்மளவிலேயே ஒரு சுவையான பாடம். மாநகர சபை 1865ஆம் ஆண்டிலேயே ஏற்பட்டுவிட்ட நகரம் இது. வீடுகளுக்கு வரிமதிப்பு இலக்கங்கள் உண்டு. ஆனால் மலைச்சரிவில் அமைந்த காணியைத் தந்தை பிள்ளைகளுக்குப் பிரித்துக் கொடுக்கும்போது இலக்கத்தின் பின்னே ஒரு சாய்கோடு விழுகிறது. பேரப்பிள்ளைகளுக்குப் பிரிக்கும்போது சாய்கோட்டின் பின்னே ஓர் எழுத்துச் சேர்கிறது. கோட்டின் வலப்பக்கம் நீள நீள, வீடு வீதியை விட்டு விலகிப் போகிறது என்று அறிக. பொதியைக் கொண்டுவரும் கூரியர் இளைஞர் அந்த இலக்கத்தை ஒருபோதும் நம்புவதில்லை. சந்தியில் மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டுத் தொலைபேசியில் அவர் கேட்பது ஒன்றே: “அக்கா, வீடு றோட்டுக்கு மேலேயா, கீழேயா?” மேலே என்றால் படியேற வேண்டும், கீழே என்றால் இறங்கிப் பின் ஏறவேண்டும். இரண்டும் அவருக்கு உவப்பானவை அல்ல.

தபாற்காரர் கேட்பதில்லை. அவருக்குத் தெரியும். கொழும்புக்கும் கண்டிக்கும் இடையே 1832இல் குதிரைவண்டித் தபாற் சேவை தொடங்கியது. ஆசியாவிலேயே அதுவே முதலாவது என்பர். 1867இல் புகையிரதம் கண்டியை எட்டியது. அத்தனை நீண்ட மரபின் கடைசிக் கண்ணியாக நம் வாயிலில் நிற்கிறவர் அவர். 1997இல் ஐந்து இலக்கத் தபாற் குறியீடு வந்தது. கண்டிக்கு 20000, பேராதனைக்கு 20400, கட்டுகஸ்தோட்டைக்கு 20800. குறியீட்டை எழுதுவோர் இன்றும் சிலரே. எழுதாவிடினும் கடிதம் வந்து சேர்கிறதென்றால் அதற்குக் காரணம் குறியீடன்று. ஊரைக் காலால் அறிந்து வைத்திருக்கும் மனிதர்.

நிற்க, சட்டத்துக்கு வருவோம். நம் நாட்டில் வியாபாரப் பெயர்களைப் பதிவதற்கு அடிப்படையாக நின்றது 1918ஆம் ஆண்டின் 6ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம். இதன் தாய், 1916இல் இங்கிலாந்தில் இயற்றப்பட்ட சட்டம். முதலாம் உலகப் போர் நடந்துகொண்டிருந்த காலம். ஆங்கிலப் பெயர்ப்பலகைக்குப் பின்னே பகை நாட்டவர் எவரேனும் அமர்ந்திருக்கிறாரோ என்ற ஐயம் அன்றைய இலண்டனில் மிகுந்திருந்தது. பெயருக்குப் பின்னே நிற்கும் ஆளை வெளிச்சத்துக்குக் கொண்டுவருவதே அச்சட்டத்தின் நோக்கம். ஆகவேதான் அது வியாபாரியின் இப்போதைய பெயர், முன்னைய பெயர், நாட்டினம் எல்லாவற்றையும் கேட்டது. இரண்டே ஆண்டுகளில் அந்த ஐயம் கப்பலேறி இலங்கைக்கும் வந்து சட்டமாயிற்று.

ஒருவர் தம் முழுப்பெயரை மாத்திரம் வைத்து வியாபாரம் செய்தால் அச்சட்டத்தின்படி பதிவு வேண்டியதில்லை. பெயரின் பின்னே ‘தையலகம்’ என்றோ ‘புத்தகசாலை’ என்றோ ஒரு சொல்லைக் கூட்டிவிட்டாற் பதிவு வேண்டும். பதிவில் இரண்டு வரிகள் தனித்தனியே உண்டு. ஒன்று, வியாபாரத்தின் பிரதான தலம். மற்றொன்று, வியாபாரியின் வழக்கமான வதிவிடம். சட்டத்தை வரைந்தவர்களின் மனத்தில் இவை இரண்டு வெவ்வேறு கட்டடங்கள். முதலாளி காலையில் வதிவிடத்திலிருந்து புறப்பட்டுத் தலத்துக்குப் போவார்; மாலையில் திரும்புவார். நடுவே ஒரு வீதி இருக்கும். கட்டுகஸ்தோட்டைப் பெண்மணிக்கு அந்த வீதி இல்லை. இரண்டு வரியிலும் ஒரே முகவரியை இருமுறை எழுதுகிறார்.

பதிவுச் சான்றிதழை வியாபாரத் தலத்தில் யாவரும் காணத்தக்க இடத்தில் வைக்க வேண்டும் என்பதும் அச்சட்டத்தின் விதி. நான் கண்ட வீடொன்றில் அது முன்னறையில், சரஸ்வதி படத்துக்கும் மகளின் பட்டமளிப்புப் படத்துக்கும் நடுவே சட்டமிட்டுத் தொங்குகிறது. விதி மீறப்படவில்லை. ஆனால் அதைக் காண்பவர் வீட்டார் மட்டுமே! கட்டணம் செலுத்தும் எவரும் பதிவேட்டைப் பார்வையிடலாம் என்ற விதியோ வேறு வகையானது. அதன் கூர்மையைப் பின்னர் காண்போம்.

இன்று இவ்வலுவல் பிரதேச செயலகத்தில் நடைபெறுகிறது. கண்டி நகரத்தார்க்கு அது ‘கண்டி நாற்கோறளையும் கங்கவட்டக் கோறளையும்’ என்று பலரும் பிழையாகச் சொல்லும் நீண்ட பெயருடைய செயலகம்; நான்கு கிரவெட்டு என்பதே சரி. கிராம அலுவலரின் உறுதிப்பாடு வேண்டும். அடையாள அட்டைப் பிரதி வேண்டும். தலம் உம்முடையது என்பதற்கு உறுதி வேண்டும். வாடகையாயின் குத்தகைப் பத்திரமோ உரிமையாளரின் சம்மதமோ வேண்டும். வாடகை வீட்டில் இருப்போர் இங்கேயே தயங்குகின்றனர். “வீட்டைத்தானே தந்தேன், கடையையா தந்தேன்?” என்று உரிமையாளர் கேட்பார், மறுமாதமே வாடகையைக் கூட்டுவார். இது நம்மவர் இயல்பு.

வீட்டையே தொழிற்றலமாக்குவது இணையம் கண்டுபிடித்த புதுமையன்று. இதற்கு உலகறிந்த சான்றொன்று, வியக்கத்தக்க வகையில், கண்டியோடு தொடர்புடையது. லெனார்ட் வூல்ப் என்ற ஆங்கிலேய உத்தியோகத்தர் 1904 முதல் 1911 வரை இலங்கைச் சிவில் சேவையிற் கடமையாற்றினார். 1907ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்திலிருந்து ஓராண்டுக் காலம் அவர் கண்டிக் கச்சேரியில் அரசாங்க அதிபரின் உதவியாளர். பதிவேடுகளும் விண்ணப்பங்களும் மேசையில் மலைபோற் குவிந்திருந்த காலம் அது. பத்தாண்டு கழித்து, 1917இல், அவரும் அவர் மனைவியார் வேர்ஜினியா வூல்பும் 19 பவுண் சொச்சத்துக்குக் கையால் இயக்கும் சிறு அச்சுப்பொறி ஒன்றை வாங்கி, றிச்மண்ட் என்னுமிடத்தில் தாம் குடியிருந்த வீட்டின் உணவறையில் வைத்தனர். வீட்டின் பெயர் ஹோகார்த் ஹவுஸ். அச்சகத்தின் பெயர் ஹோகார்த் அச்சகம். வீட்டு முகவரியே ஸ்தாபனத்தின் பெயராகிவிட்டது! 1923இல் எலியட்டின் ‘பாழ்நிலம்’ என்ற கவிதை நூலை இங்கிலாந்தில் நூலுருவில் வெளியிட்டதும் அந்த அச்சகமே. 1924இல் தம்பதியர் வீடு மாறினர். அச்சகமும் உடன் மாறியது. பழைய வீட்டின் பெயர் மட்டும் மாறவில்லை.

நம்மவரான ஆனந்த குமாரசுவாமியின் செயல் இதனினும் முந்தியது. கண்டிய மரபின் கைவினைகளை ஆராய்ந்து அவர் எழுதிய ‘மத்தியகாலச் சிங்களக் கலை’ என்ற பெருநூல் 1908இல் முற்றுப்பெற்றது. அதனை அவர் எந்தப் பெரிய பதிப்பகத்திடமும் கொடுக்கவில்லை. இங்கிலாந்தில், புறோட் கம்டன் என்ற சிற்றூரில், தாம் வாழ்ந்த பழைய தேவாலய வீட்டிலேயே, வில்லியம் மொறிஸ் முன்னர் பயன்படுத்திய அச்சுப்பொறியைக் கொண்டு 425 பிரதிகள் அச்சிடுவித்தார். கண்டியின் தச்சரும் தட்டாரும் தம் வீட்டு முற்றத்திலேயே தொழில் செய்ததை வருடக்கணக்காகக் கண்டு எழுதியவர், அந்நூலை வேறெங்கே அச்சிட்டிருப்பார் என்று எனக்குத் தோன்றுவதுண்டு.

தமிழுக்கு வருவோம். யாழ்ப்பாணத்தில் 1966 ஆகஸ்டில் தோன்றிய ‘மல்லிகை’ சஞ்சிகையின் முகவரி, கஸ்தூரியார் வீதி ஜோசப் சலூன் என்றிருந்ததை மூத்த வாசகர் மறந்திரார். டொமினிக் ஜீவா முடிதிருத்திய இடமே ஆசிரியர் பீடம். அந்த முகவரியை மறைக்கவேண்டும் என்று அவர் ஒருகணமும் எண்ணவில்லை. அதனை அட்டையில் அச்சிட்டதே அவர் செய்த முதல் இலக்கியக் கலகம் என்பது என் கருத்து. கண்டியை எடுத்துக்கொண்டால், வைத்தியர் தி. ஞானசேகரன் 2000ஆம் ஆண்டு ஜூனில் தொடங்கிய ‘ஞானம்’ பேராதனை வீதி முகவரியோடு வந்தது. பின்னரே கொழும்புக்குப் போயிற்று. கட்டுகஸ்தோட்டைக்கு அப்பால் உடத்தலவின்னை மடிகே என்ற ஊரிலிருந்து பீ. எம். புன்னியாமீன் நடத்திய ‘சிந்தனை வட்டம்’ நூற்றுக்கணக்கான நூல்களை வெளியிட்டது. புலமைப்பரிசில் மாணவர்க்கு மாதிரி வினாத்தாள், எழுத்தாளர் விபரத்திரட்டு, கவிதை, சிறுகதை எல்லாம் அந்த ஊரின் பெயரைத் தாங்கியே தமிழுலகெங்கும் போயின. புன்னியாமீன் 2016இல் மறைந்தார். இன்றும் இலண்டனிலோ ரொறன்ரோவிலோ ஒரு நூலகத்தில் அந்நூல்களைப் புரட்டுகிறவர், தாம் ஒருபோதும் காணாத மலைநாட்டுக் கிராமம் ஒன்றின் பெயரை வாசிக்கிறார். கொழும்பு முகவரி ஒன்றை இரவல் வாங்கியிருந்தால் மதிப்புக் கூடியிருக்கும் என்று எண்ணியவர்கள் இருந்திருக்கலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை.

இவ்வாறு முகவரியை அச்சிட்டு விற்ற அக்காலத்து வியாபாரத்துக்குத் தபாற் கந்தோரே நடுவர். இந்தியாவில் 1877இல் தொடங்கிய வி.பி.பி. முறையை நம் முன்னோர் நன்கறிவர். பொருளைத் தபாற்காரர் கொடுப்பார். பணத்தை அவரே வாங்குவார். வாங்கிய பணம் விற்றவரைச் சென்றடையும். வாங்குபவர் விற்பவரின் வீட்டுக்குப் போக வேண்டிய அவசியமே எழுவதில்லை. முகவரி, எழுதுவதற்கு இருந்தது. வந்து நிற்பதற்கு அன்று. நூலின் இரண்டாம் பக்கத்தில் உள்ள வீட்டிலக்கத்தைப் பார்த்துவிட்டு இரவு ஒன்பது மணிக்கு எவரும் படலையைத் தட்டியதில்லை. இன்றைய நிலைமை வேறு. முகவரியை ஒருமுறை தொலைபேசியில் தட்டினால் வழி சொல்லும் குரலும் உடனே பேசத் தொடங்குகிறது.

கட்டுகஸ்தோட்டைப் பெண்மணிக்கு நேர்ந்தது இதுவே. கணவர் கட்டாரில் வேலை. வீட்டில் அவரும் வயது முதிர்ந்த மாமியாரும் பள்ளிப் பிள்ளைகள் இருவரும். கலியாணத்துக்கென்று தைத்து அனுப்பிய சட்டை அளவு பிசகிவிட்டதென்று ஒருவர் மாவனல்லையிலிருந்து நேரே வந்துவிட்டார். மழை இரவு. வந்தவர் கொடியவர் அல்லர். மறுநாள் தங்கைக்குக் கலியாணம் என்ற பதைப்பில் வந்தவர். பணத்தைத் திருப்பி வாங்கிக்கொண்டு, ஒரு கோப்பை தேநீரும் குடித்துவிட்டே போனார். ஆனால் அன்று இரவு மாமியார் உறங்கவில்லை. கடைக்கு இரும்புக் கதவு உண்டு, அடைக்கும் நேரம் உண்டு. வீட்டுக்கு அவை எங்கே? மறுவாரமே அப்பெண்மணி தம் பக்கத்திலிருந்த வீட்டிலக்கத்தை அழித்து, ‘கட்டுகஸ்தோட்டை’ என்று மாத்திரம் வைத்துக்கொண்டார். அதன் பின்னர் முற்பணம் அனுப்புவோர் தொகை குறைந்துவிட்டது என்கிறார். “முகவரியைப் போட்டால் பயம், போடாவிட்டால் எங்களைக் கள்ளர் எண்டு நினைக்கினம்” என்று அவர் சொன்னதில் முழு வழக்கும் அடங்கிவிடுகிறது.

வாங்குவோரையும் குறை கூற முடியாது. படத்தைக் காட்டிப் பணத்தை வாங்கிக்கொண்டு, மறுநாள் பக்கத்தையே மறைத்துவிடுவோர் உண்டு. ஏமாந்தவர் நுகர்வோர் அதிகார சபையிடம் முறையிடலாம். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டம் அதற்கு வழி செய்கிறது. ஆனால் யார்மீது முறையிடுவது? ‘அன்புடன் ஆடைகள்’ என்பதுபோன்ற ஒரு பெயர்மீதா? உணவுப் பொருளாயின் பொறுப்பு இன்னும் கனமானது. 1980ஆம் ஆண்டின் 26ஆம் இலக்க உணவுச் சட்டத்தின் கீழ் வந்த சுட்டுத்துண்டு விதிகள், பொதி செய்த உணவில் உற்பத்தியாளரின் பெயரும் முகவரியும் இருக்கவேண்டும் என்கின்றன. அக்குறணை ஊறுகாயைத் தின்று ஒருவருக்கு வயிறு கெட்டால், பொதுச் சுகாதாரப் பரிசோதகர் எந்தச் சமையலறையைப் போய்ப் பார்ப்பார்? இங்கே முகவரியை மறைப்பதற்கு நியாயமே இல்லை என்பேன்.

பிற நாடுகள் இச்சிக்கலை வெவ்வேறு வகையில் அவிழ்க்கின்றன. ஜேர்மனியில், இணையத்தளம் நடத்தி விற்பவர் எவராயினும் தம் பெயரையும் உண்மையான முகவரியையும் தளத்திலேயே வெளியிட வேண்டும். தபாற்பெட்டி இலக்கம் போதாது. அங்கே அடுக்குமாடி வீட்டிலிருந்து சேலை விற்கும் நம் சகோதரியும் இதற்கு விலக்கல்லர். 2024இல் அச்சட்டம் புதுப்பிக்கப்பட்டபோதும் இவ்விதி நீங்கவில்லை. இந்தியாவில் 2020ஆம் ஆண்டு ஜூலையில் வந்த மின்வணிக விதிகளும், இணைய வணிக ஸ்தாபனங்கள் தலைமை அலுவலகத்தின் முகவரியை வெளியிடவேண்டும் என்கின்றன. இங்கிலாந்தின் போக்கு எனக்குப் பெரிதும் சிந்தனையைத் தந்தது. நமக்கு 1916இல் மாதிரி காட்டிய அந்தப் பெயர்ப் பதிவேட்டை அவர்களே 1982இல் மூடிவிட்டனர். கம்பனி இயக்குநர் விஷயத்தில் இன்னும் ஓர் அடி சென்றனர். விலங்குகளை வைத்துப் பரிசோதனை செய்யும் நிறுவனங்களின் இயக்குநர்கள் தம் வீட்டு வாயிலிலேயே தாக்கப்பட்ட நிகழ்ச்சிகளின் பின்னர், வீட்டு முகவரியைப் பொதுமக்கள் பார்வைக்கு வைக்கலாகாது என்ற எண்ணம் வலுத்தது. 2006ஆம் ஆண்டுக் கம்பனிச் சட்டத்தின் அப்பகுதி 2009 அக்டோபர் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அதன்படி இயக்குநர் இரண்டு முகவரி கொடுக்கலாம். ஒன்று கடிதமும் வழக்கோலையும் வந்து சேரும் முகவரி. இதனை எவரும் காணலாம். மற்றொன்று வதிவிடம், இதனைப் பதிவாளர் காப்பார்.

1918இல் நமக்குக் கிடைத்த அந்த இரண்டு வரிகளை இவ்வாறு வாசிக்கலாமே என்பது என் யோசனை. வதிவிடம் என்ற வரியைச் செயலகம் வைத்துக்கொள்ளட்டும். நீதிமன்றமும் பரிசோதகரும் கேட்டாற் கொடுக்கட்டும். மற்ற வரிக்கு ஊரிலுள்ள கூட்டுறவுச் சங்கமோ வாசிகசாலையோ தபாற் கந்தோரோ முகவரி தரட்டும். கண்டிப் புகையிரத நிலையத்துக்கு எதிரே நிற்கும் பெரிய தபாற் கந்தோரிலே தனிப்பெட்டி வாடகைக்கு எடுக்கும் வழக்கம் நெடுநாளாக உண்டு. ஆனால் பெட்டிக்குள் வழக்கோலையைப் போடலாம். திருப்பி அனுப்பிய சட்டையைக் கூரியர் இளைஞர் போட முடியாது. ஆளிருக்கும் முகவரியே வேண்டும்.

இதுகாறும் சொன்னது முகவரி உடையவரின் துன்பம். முகவரி இல்லாதவரின் கதை வேறு.

கண்டி மாவட்டத்தின் தென்கிழக்கே, தெல்தோட்டையையும் கலஹாவையும் சூழ்ந்த மலைகளில், தேயிலைத் தோட்டங்கள் பரந்து கிடக்கின்றன. ஜேம்ஸ் டெயிலர் 1867இல் 19 ஏக்கரில் முதன்முதல் வர்த்தகத்துக்காகத் தேயிலை நட்ட லூல்கந்துரை அங்கேதான் இருக்கிறது. 2023இல், மலையகத் தமிழர் வந்து 200 ஆண்டு நிறைவுற்றதை நாடு நினைவுகூர்ந்தது. அந்த 200 ஆண்டுகளில் அம்மக்கள் பெற்றவை பல. பெறாதவற்றுள் ஒன்று வீட்டு முகவரி. லயத்து அறை ஒன்றின் முகவரி எப்படி எழுதப்படும் என்று பாருங்கள்: பெயர், பிரிவு, தோட்டம், தபாற் கந்தோர். ஓரே பிரிவில் நூறு குடும்பத்துக்கும் இதுவே முகவரி. கடிதங்கள் வீட்டுக்கு வருவதில்லை. தோட்டத்துத் தப்பால்காரர் நகரத்துத் தபாற் கந்தோருக்குப் போய்த் தோட்டத்தின் பையை வாங்கிவருவார். பை தோட்டக் கந்தோரில் அவிழ்க்கப்படும். அங்கிருந்து கங்காணியின் கையிலோ, பிரட்டுக் களத்தில் பெயர் கூப்பிட்டோ, பக்கத்து வீட்டுப் பிள்ளையின் மூலமோ உரியவரைச் சேரும். சில வேளை சேராது. ஒரே தோட்டத்தில் ஒரே பெயருடையோர் நால்வர் இருந்தால் கடிதம் நால்வரையும் சுற்றிவரும். நேர்முகப் பரீட்சைக்கு அழைத்த கடிதம் பரீட்சை முடிந்த பின்னர் வந்து சேர்ந்ததை, மலையகத்திற் கற்பித்த ஆசிரியர் எவரும் கேள்விப்படாதிருக்க முடியாது.

இந்தத் தோட்டங்களுள் ஒன்றிற் பிறந்து, தாயாரோடு லயத்திலேயே வாழும் பெண்ணொருத்தி என்னிடம் தமிழ் படித்தவள். மிளகாய், மல்லி, மிளகு, ஏலம் இவற்றைப் பதமாக வறுத்துத் திரித்துச் சரக்குத்தூளாக்கிப் பொட்டலமிட்டு இணையத்தின் மூலம் விற்கிறாள். சரக்கு நன்று. அவள் எழுதும் விளம்பர வாசகங்களிலே ஒற்றுப்பிழை இராது என்பது எனக்குத் தனி மகிழ்ச்சி. வெள்ளவத்தையிலிருந்தும் மட்டக்களப்பிலிருந்தும் கேட்டு வாங்குகிறார்கள். தொழிலைப் பதிவு செய்தால் வங்கியிற் சிறு கடன் பெற்றுத் திரிக்கும் இயந்திரம் ஒன்று வாங்கலாம் என்று விரும்பினாள். விண்ணப்பத்தில் எழுத இடம் இருந்தது; எழுத அவளுக்கு இடம் இல்லை.

“சேர், காணி உறுதி கேக்குறாங்க. லயம் தோட்டத்துக்குச் சொந்தம். குத்தகைப் பத்திரமும் இல்ல. தோட்டத்து தொரகிட்ட கடிதம் வாங்கிட்டு வரச் சொல்றாங்க. தொர, லயத்துல வியாபாரம் செய்யக் கூடாதுங்கிறாரு” என்றாள்.

மூன்று தலைமுறையாக அவள் குடும்பம் அவ்வறையில் வாழ்கிறது. வதிவிடம் என்ற வரியில் அதை எழுதலாம், எவரும் தடுக்கமாட்டார். தேர்தல் வரும்போது வாக்குக் கேட்டு அங்கேதான் வருகிறார்கள். தலம் என்ற வரிக்கு மட்டும் அது உதவாது. கடைக்கு வாடகை கொடுக்க வழியில்லாதவருக்கு வந்த வரப்பிரசாதம் என்று இணைய வியாபாரத்தைப் போற்றினோமே, கடை வாடகைக்குச் சிறிதும் வழியற்றவளை அது வாசலிலேயே நிறுத்திவிட்டது. நகரத்துப் பெண்மணி தம் வீட்டிலக்கத்தை அழிக்கிறார். தோட்டத்துப் பெண்ணுக்கு அழிப்பதற்கு ஓர் இலக்கம் இல்லை. இவ்விரண்டையும் ஒரே சட்டத்தின் ஒரே படிவம் செய்கிறது.

மாற்றம் அறவே இல்லையென்று சொல்வது நியாயமாகாது. லயத்துக்குப் பதிலாகக் குடும்பமொன்றுக்கு 7 பேர்ச்சஸ் காணியில் தனிவீடு என்ற திட்டம் 2015க்குப் பின்னர் உருப்பெற்றது. உறுதிப் பத்திரங்களும் சிலருக்குக் கிடைத்தன. தோட்டப் பிரதேசங்களுக்கெனப் புதிய கிராம அபிவிருத்தி அதிகார சபை ஒன்றை நிறுவும் சட்டம் 2018இல் நிறைவேறியது. அதே ஆண்டில், தோட்டக் குடியிருப்புகளிலும் பிரதேச சபைகள் பணம் செலவிடத் தக்கவாறு பழைய சட்டம் திருத்தப்பட்டது. அதுவரை ஒரு பிரதேச சபை லயத்துப் பாதையிற் கல் போடுவதற்குக் கூடத் தயங்க வேண்டியிருந்தது என்பதை நம் பட்டணத்து வாசகர் எத்தனைபேர் அறிவர்? வீடு வருவதை மெச்சுகிறேன். வரும் வீடுகளுக்கு வீதிப்பெயரும் கதவிலக்கமும் அன்றே கொடுக்கப்பட வேண்டும் என்று கேட்கிறேன். கல்லும் சீமெந்தும் கேட்கும் பணத்தில் ஓர் அணுவளவும் அதற்குச் செலவாகாது. தகட்டில் ஓர் இலக்கம், ஓர் ஆணி.

அப்பெண் இதற்கெல்லாம் காத்திருக்கவில்லை. கலஹாக் கடைவீதியிற் சில்லறைக் கடை வைத்திருக்கும் பெரியவர் ஒருவர் தம் கடை முகவரியைப் பயன்படுத்திக்கொள்ள அனுமதி கொடுத்திருக்கிறார். பொதிகளை அங்கே கொண்டுவந்து வைத்தால் கூரியர்காரர் எடுத்துப் போகிறார். திரும்பி வருபவையும் அங்கேயே வருகின்றன. வாடகை பேசவில்லை. மாதத்துக்கு ஒரு பொட்டலம் மீன்குழம்புத் தூள் போதும் என்று சொல்லிவிட்டாராம். சுட்டுத்துண்டில் அந்த முகவரியை அச்சிடலாமா, தூள் திரிக்கப்படுவது அங்கே அல்லவே என்று அவள் என்னைக் கேட்டாள். அச்சிடாதே என்றேன். பொதி செல்லும் முகவரி வேறு, சமையலறையின் முகவரி வேறு. பரிசோதகர் வந்தால் அந்தப் பெரியவர் அல்லவா பதில் சொல்லவேண்டும்? ஆதலால் அவளுடைய சுட்டுத்துண்டில் இப்பொழுது தோட்டத்தின் பெயரும் பிரிவின் பெயரும் லயத்தின் இலக்கமும் அறையின் இலக்கமும் இருக்கின்றன. அறைக்கு இலக்கம் ஏது என்று கேட்டேன். கதவுநிலையில் வெள்ளைச் சுண்ணாம்பால் 6 என்று அவளே எழுதியிருக்கிறாள். அடுத்த அறைக்காரர்கள் அதைப் பார்த்துவிட்டு 5 என்றும் 7 என்றும் எழுதிக்கொண்டார்களாம். பதிவு விண்ணப்பம் இன்னும் செயலகத்திலேயே இருக்கிறது.